திருட்டு மாத்திரை தின்று உயிரோடு இருப்பவர்கள் சார்பில்

மூன்று நாள் பொறுத்துப் பார்த்தேன். அந்த வீடியோவை இதுவரை ஆறு பேர் எனக்கு அனுப்பிவிட்டார்கள். அதில் இரண்டு பேர் கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கும் பொம்மையோடு. ஞாயிற்றுக்கிழமை நம்ம வேலூர் மண்டபத்தில் சிறப்பு விருந்தினர் பேசின பேச்சுதான் அந்த வீடியோ, முழுசாக மறுபடி சொல்லப் போவதில்லை. எச்ஐவி, அதாவது எய்ட்ஸ் நோய்க்கு மலிவாக மாத்திரை கொடுத்த சிப்லா மருந்துக் கம்பெனியின் பேரை இழுத்து அவர் விட்ட அந்த வரிதான் எனக்கு இன்னும் எரிகிறது. "நம்மாளு எதைக் கண்டுபிடிச்சான்? வெள்ளைக்காரன் கண்டுபிடிச்சதைத் திருடி வித்தான். அப்பன், புள்ள, பேத்தின்னு உக்காந்து சாப்பிட்டான்." கைதட்டல் வேறு.

மூன்றாவது வரிசையில் இருந்தேன். வாயைத் திறக்கவில்லை. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

திருட்டு என்றால் சட்டத்தை மீறி எடுப்பது. சட்டம் செய்யலாம் என்று சொன்னதைச் செய்தால் அது எப்படி ஐயா திருட்டு? 1911ல் பிரிட்டிஷ்காரன் போட்ட காப்புரிமை (பேட்டன்ட்) சட்டம் சுதந்திரம் வந்த பிறகும் ஓடிக்கொண்டிருந்தது. அதை என்ன செய்யலாம் என்று ஆராய்ந்து சொன்னவர் நம்ம மெட்ராஸ் உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்த ராஜகோபால ஐயங்கார். 1959ல் அறிக்கை கொடுத்தார். இங்கே பதிவான காப்புரிமைகளில் பெரும்பகுதி வெளிநாட்டுக்காரன் கையில் இருக்கிறது, அதை வைத்து இங்கே அவன் எதையும் தயாரிப்பதில்லை, சந்தைக்குப் பூட்டுப் போடத்தான் வைத்திருக்கிறான் என்பதுதான் சாரம். 1970ல் பாராளுமன்றம் புதுச் சட்டம் போட்டது, 1972ல் அமலுக்கு வந்தது. அதன்படி 2005 வரை மருந்துக்குக் காப்புரிமை கிடையாது, அதைச் செய்யும் முறைக்கு மட்டும் உண்டு. வேறு முறையில் உன்னால் செய்ய முடிந்தால் செய்துகொள். அந்த வேறு முறையைக் கண்டுபிடிப்பது ஜெராக்ஸ் கடையில் இரண்டு ரூபாய் கொடுக்கிற வேலை என்று விருந்தினர் நினைத்துக்கொண்டிருக்கிறார் போல.

உட்கார்ந்து சாப்பிட்ட குடும்பத்தையும் பார்ப்போம். அப்பா குவாஜா அப்துல் ஹமீது, அலிகாரில் பிறந்தவர், பெர்லினில் வேதியியல் ஆராய்ச்சி செய்துவிட்டு வந்து 1935ல் பம்பாயில் கம்பெனி ஆரம்பித்தார். 1939 ஜூலையில் காந்தியே வந்து பார்த்துவிட்டுப் போனார். மகன் யூசுஃப், லித்துவேனியா நாட்டு யூதத் தாய்க்குப் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் நோபல் வாங்கிய டாட் என்பவரிடம் ஆராய்ச்சிப் பட்டம் வாங்கிக்கொண்டு 1960ல் அப்பா கம்பெனிக்கு வந்தார். நம்ம பக்கத்தில் அப்பன் கடையில் உட்காரும் பிள்ளை பத்தாவது பாஸ் பண்ணியிருந்தாலே பெரிய விஷயம்!

நான் சிப்லா ஆள் என்று கமென்டில் ஒருவர் எழுதுவார், அவர் யார் என்றும் தெரியும். 22 வருஷம் மெடிக்கல் ரெப்பாக இருந்தேன், அவர்களுக்குப் போட்டிக் கம்பெனியில். வடாற்காடு மாவட்டம் இரண்டாகப் பிரிவதற்கு முன்னாலேயே பையைத் தூக்கியவன். குடியாத்தம், ஆம்பூர், திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று பஸ் பஸ்ஸாக ஏறியவன். அவர்கள் விலையைக் குறைத்தால் என் டார்கெட் படுக்கும். அதற்கு என் மேனேஜரிடம் திட்டு வாங்கியிருக்கிறேனே தவிர சிப்லாவிடம் ஒரு பேனா வாங்கியதில்லை.

வேலூர்க்காரன் இதைக் கேட்டுச் சிரித்ததுதான் தாங்கவில்லை. 1986ல் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரி மாணவி நிர்மலா, பேராசிரியர் சுனிதி சாலமன் சொல்லி, பாலியல் தொழிலாளிகளிடம் ரத்தம் எடுத்து வீட்டு ஃபிரிட்ஜில் வைத்திருந்தார். அதில் எச்ஐவி இருக்கிறதா என்று சோதிக்கும் வசதி அப்போது மெட்ராஸில் இல்லை. ஐஸ் பெட்டியோடு அவரும் கணவரும் ராத்திரி ரயில் ஏறிக் காட்பாடியில் இறங்கினார்கள். நம்ம சிஎம்சி ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் ஆறு மாதிரிகள் மஞ்சளாக மாறின. இந்தியாவில் எச்ஐவி இருக்கிறது என்று முதலில் தெரிந்தது அப்படித்தான், இந்த ஊரில்தான். அந்த ஊர் மண்டபத்தில் உட்கார்ந்துகொண்டு, அந்த நோய்க்கு மாத்திரை கொடுத்தவனைத் திருடன் என்றதும் கைதட்டுகிறோம்.

இனி எழுதப் போவதை இதுவரை எழுதியதில்லை. எனக்கு நெருங்கிய சொந்தம் ஒருவர், லாரி ஓட்டியவர். முறை, ஊர் எதுவும் கேட்காதீர்கள். 1999ல் ஆள் பாதியாகிவிட்டார். ஆஸ்பத்திரியில் சொன்ன விஷயம் வீட்டில் இரண்டு பேருக்கு மட்டும் தெரியும், அதில் ஒருவன் நான். மருந்து இருக்கிறது, மூன்று மருந்து சேர்த்துச் சாப்பிட்டால் பிழைக்கலாம் என்று எனக்குத் தெரியும். மருந்துப் பையோடு திரிகிறவனுக்குத் தெரியாதா? மெட்ராஸ் ஸ்டாக்கிஸ்டிடம் விலை கேட்டு, ஆர்டர் புக்கின் பின்பக்கம் கணக்குப் போட்டேன். கொல்லையை விற்றாலும் ஒரு வருஷம் தாண்டாது. அப்புறம்? காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

2000 செப்டம்பரில் பிரஸ்ஸல்ஸில் ஐரோப்பியத் தலைகள் கூடின கூட்டத்தில் யூசுஃப் ஹமீது எழுந்து பேசினார். மேலை நாட்டில் வருஷத்துக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் விற்றதை 800 டாலருக்குத் தருகிறேன் என்றார். தானாகச் செய்துகொள்ள விரும்பும் நாட்டுக்குச் செய்முறை இலவசம், தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றாமல் தடுக்கும் மருந்தும் இலவசம் என்றார். ஒருவரும் அசையவில்லை. 2001 பிப்ரவரியில் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்கு 350 டாலர் என்று இறக்கினார். ஒரு நாளைக்கு ஒரு டாலர் கூட இல்லை. மூன்று மருந்துக்கும் வெளிநாட்டில் மூன்று கம்பெனி சொந்தக்காரர்கள், அங்கே யாராலும் ஒரே மாத்திரையாகச் சேர்க்க முடியாது. இங்கே முடிந்தது, நம்ம சட்டம் அப்படி இருந்ததால். அவருடைய திருட்டு என்பது அவ்வளவுதான்.

பிரஸ்ஸல்ஸில் அவர் பேசியது செப்டம்பர். எங்கள் வீட்டில் பாடை கட்டியது நவம்பர், ஐப்பசி மழையில். தூக்குவதற்கு நாலு பேர் சேரவில்லை. பந்தல் போட வந்தவன் தண்ணீர் கூடக் குடிக்காமல் போனான்.

சரி, ரான்பாக்ஸி என்கிற இன்னொரு இந்திய மருந்துக் கம்பெனியைச் சொல்வீர்கள். 2013ல் அமெரிக்காவில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 50 கோடி டாலர் கட்டியது. ஆமாம், கட்டட்டும். அது தர விதிகளை மீறி மருந்து செய்து, அரசாங்கத்துக்குப் பொய் விவரம் கொடுத்த குற்றம், அதையும் இதையும் ஒரே மூட்டையில் கட்டாதீர்கள். கண்டுபிடித்தவனுக்குக் காசு வராவிட்டால் ஆராய்ச்சி எப்படி நடக்கும் என்பீர்கள். ஏஇசட்டி என்கிற முதல் எச்ஐவி மருந்தே 1964ல் புற்றுநோய்க்காக அமெரிக்க அரசாங்கப் பணத்தில் செய்தது. அதை இங்கே மலிவாகச் செய்யும் முறை ஐதராபாத்தில் நம்ம அரசாங்க ஆய்வகத்தில் ஏ.வி. ராமாராவ் குழு கண்டுபிடித்தது. ஹமீது லாபம் பார்க்கவில்லையா என்றால், பார்த்தார், நன்றாகவே பார்த்தார். அவர் சாமியார் என்று நான் சொன்னேனா? குடும்பமே பங்கை விற்கப் போகிறது என்று 2023ல் பேப்பரில் வந்ததே என்று ஒருவர் இன்பாக்ஸில் கேட்டார். கேட்டவரே தன் வீட்டைப் போன மாசம்தான் பிளாட் போட்டு விற்றார். நான் ஏதாவது கேட்டேனா?

இருமல் மருந்து விஷயத்துக்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை. 2025ல் மத்தியப் பிரதேசத்தில் செத்த பிள்ளைகளுக்குக் கொடுத்த மருந்து, இங்கே பக்கத்துக் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. பேரன் இருக்கிற வீடு இது. அந்த வாரம் எங்கள் அலமாரியில் இருந்த பாட்டில் எல்லாவற்றையும் சாக்கடையில் ஊற்றினேன். ஆனால் அங்கே கேட்க வேண்டியது எந்த இன்ஸ்பெக்டர் எப்போது போய்ப் பார்த்தார் என்பது. அதை மேடையில் யாரும் கேட்கவில்லை, ஜோக் அடிப்பது சுலபம்.

மலிவான மாத்திரை வந்ததும் அரசாங்கம் ஓடி வந்து கொடுத்துவிடவில்லை. 2004 ஏப்ரலில்தான் இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தார்கள், முதல் எட்டு ஆஸ்பத்திரியில் தாம்பரம் சானடோரியமும் ஒன்று. எங்களுக்கு அது மூன்றரை வருஷம் லேட். இன்று அந்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அடுக்கம்பாறை அரசு ஆஸ்பத்திரிக்கு மாதம் ஒரு தரம் போய் வாங்கிக்கொண்டு, வேலைக்குப் போய், பிள்ளைக்குக் கல்யாணம் பண்ணி, மண்டபத்தில் நம்மோடு வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். நமக்குத் தெரியாது. தெரிந்தால் இலையைத் தள்ளிப் போடுவோம் என்று அவர்களுக்குத் தெரியும்.

ஏன் வாயைத் திறக்கவில்லை என்று மனைவி கேட்டாள். பாதி எழுந்தேன். எனக்குத் தெரிந்து அந்த மாத்திரை சாப்பிடுகிற ஒருவர் அன்று அங்கே இருந்தார். நான் எழுவதைப் பார்த்துவிட்டுத் தலையை லேசாக ஆட்டினார், வேண்டாம் என்று. எழுந்து பேசினால் இந்த ஆளுக்கு ஏன் இவ்வளவு அக்கறை, இவன் வீட்டில் யார் என்று கணக்குப் போட ஆரம்பிப்பார்கள். நம்ம ஊர் அதில் கெட்டிக்கார ஊர். உட்கார்ந்துவிட்டேன். எல்லோரும் கைதட்டினார்கள். அவரும் தட்டினார், தட்டாமல் இருந்தால் யாராவது பார்ப்பார்களே.

முந்நூறு பேர் இருந்த மண்டபம். வீடியோவை மறுபடி போட்டு யாரென்று தேடாதீர்கள்.