அவளுக்காக அந்த நீதிமன்றத்தில் யாரும் பேசவில்லை

பழிவாங்கும் கதை என்றால் நமக்கு ஒரு கணக்கு இருக்கிறது. கெட்டவன் கொல்வான், நல்லவன் திருப்பிக் கொல்வான், படம் முடிந்தது. ஈஸ்கிலஸ் எழுதி கிமு 458இல் ஏதென்ஸில் மேடையேறிய ‘ஒரெஸ்டியா’வின் மூன்று நாடகங்களையும் இந்த வாரம் திரும்பப் படித்தேன். அங்கே அந்தக் கணக்கு செல்லுபடியாகவில்லை. கொல்கிற ஒவ்வொருவரிடமும் ஒரு நியாயம் இருக்கிறது.

டிராய் நகரத்தின் மீது படையெடுக்கக் கிளம்பிய கிரேக்க அரசன் அகமெம்னானின் கப்பல்கள் எதிர்க்காற்றில் ஆலிஸ் துறையிலேயே முடங்கிக் கிடந்தன. மகள் இஃபிஜீனியாவைப் பலி கொடுத்தால்தான் வழி பிறக்கும் என்று குறி சொன்னார்கள். கொடுத்தான். பத்து வருடப் போரை ஜெயித்து வீடு திரும்பியவனை மனைவி கிளைட்டெம்னெஸ்ட்ரா குளிக்கும் இடத்தில் துணியைப் போட்டு மடக்கி வெட்டிக் கொன்றாள். மகன் ஒரெஸ்டஸ் வளர்ந்து வந்து அம்மாவைக் கொன்றான்.

முதல் நாடகத்தின் தொடக்கத்திலேயே ஊர்ப் பெரியவர்கள் அந்தப் பலியை நினைத்துப் பாடுகிறார்கள். என்னால் அந்த இடத்தைத் தாண்டவே முடியவில்லை. ஓர் ஆட்டுக்குட்டியைப் போல அவளைப் பலிபீடத்துக்கு மேலே தூக்குகிறார்கள். குடும்பத்தைச் சபித்துவிடக் கூடாதென்று வாயைக் கட்டிவிடுகிறார்கள். காவி மஞ்சள் ஆடை தரையில் சரிகிறது. பேச முடியாதவள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்க்கிறாள். அவர்கள் முன்பின் தெரியாதவர்கள் இல்லை. அப்பா வைத்த விருந்துகளில் அவள் பாடியபோது உட்கார்ந்து கேட்டவர்கள். அடுத்து நடந்ததை நாங்கள் பார்க்கவும் இல்லை, சொல்லவும் மாட்டோம் என்று பெரியவர்கள் அதோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

இதைக் கேட்ட பிறகு கிளைட்டெம்னெஸ்ட்ராவை வெறும் புருஷனைக் கொன்றவள் என்று எப்படித் தள்ளிவிடுவது? அவள் சுத்தமானவள் என்று நான் சொல்ல வரவில்லை. காதலன் இருந்தான், ஆட்சியும் கைக்கு வந்தது. சிறைபிடித்துக் கொண்டுவரப்பட்ட கசாண்ட்ராவையும் சேர்த்துக் கொன்றாளே, அந்தப் பெண் என்ன பாவம் செய்தாள்? தமிழில் பழி என்றால் வஞ்சம் தீர்ப்பதும் அதுதான், மேலே விழுகிற நிந்தையும் அதுதான். பழி வாங்கப் போகிறவர் அந்த இரண்டாவது பழியையும் சேர்த்தே வாங்கிக்கொண்டு வருகிறார்.

ஒரெஸ்டஸுக்கும் அதே கதிதான். கத்தியோடு நிற்கும் மகனிடம் அம்மா மார்பைக் காட்டி, உனக்குப் பால் கொடுத்தது இது என்கிறாள். அவன் கை தளர்ந்துவிடுகிறது. கூட வந்த நண்பன் பைலடீஸைப் பார்த்து என்ன செய்வது என்று கேட்கிறான். அந்த நாடகம் முழுக்க வாயே திறக்காத பைலடீஸ் அங்கேதான் பேசுகிறான், அதுவும் மூன்றே வரி. அம்மாவைக் கொல்லச் சொன்ன தெய்வம் அப்போலோவின் வாக்கு என்னாவது என்று கேட்கிறான். அவ்வளவுதான், அம்மாவை உள்ளே கூட்டிப்போகிறான் மகன்.

மூன்றாம் நாடகத்தில் வழக்கு ஏதென்ஸுக்கு வருகிறது. ரத்தத்துக்கு ரத்தம் கேட்டுத் துரத்தும் பழிதெய்வங்கள் ஒரு பக்கம், ஒரெஸ்டஸுக்காக அப்போலோ மறுபக்கம். கொலைக்குக் கொலை என்று வீட்டுக்குள்ளேயே சுற்றிய ஒன்றை ஊர் நடுவே வைத்து, இரண்டு தரப்பையும் பேசவிட்டு, வாக்கெடுத்து முடிக்கிறார்கள். இதைவிட நல்ல வழியை நான் அறியேன். தோற்ற தெய்வங்களை விரட்டிவிடாமல் ஏதென்ஸின் காவல் தெய்வமான அதீனா பொறுமையாகப் பேசிப் பேசி அதே ஊரில் இடமும் மரியாதையும் கொடுக்கிறாள். ஆத்திரம் இல்லாத மாதிரி நடிக்காத அந்த முடிவு எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஆனால் தீர்ப்புக்குச் சொல்லும் காரணத்தை என்னால் ஏற்கவே முடியாது. பெற்றவள் உண்மையில் பெற்றவளே இல்லை, தகப்பன் விதைத்ததைக் காத்துக் கொடுப்பவள் மட்டும்தான் என்று வாதாடுகிறான் அப்போலோ. என்னைப் பெற்ற தாய் என்று யாரும் இல்லை, நான் ஆண் பக்கம் என்று சொல்லி ஒரெஸ்டஸுக்கு வாக்களிக்கிறாள் அதீனா. வாக்குகள் சமமாகின்றன, அவன் விடுதலையாகிறான். தாயைக் கொன்ற வழக்கைத் தாயே இல்லாதவளின் வாக்கு முடித்துவைக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. இத்தனைக்கும் காரணமான இஃபிஜீனியாவின் பெயரை அந்த விசாரணையில் ஒருவரும் எடுக்கவில்லை. அப்போலோ எடுக்க மாட்டான், சரி. அம்மாவுக்காக வாதாடிய பழிதெய்வங்கள்கூட எடுக்கவில்லை. ஆலிஸில் கட்டிய வாயை ஏதென்ஸிலும் யாரும் அவிழ்த்துவிடவில்லை.