சேஃப்டிக்கு ஒரு சுத்து

தண்ணீர் ஃபில்டர் மாட்ட வருகிற தம்பிகளே, உங்கள் கையில் பலம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். அதைக் காட்ட உலகத்தில் எவ்வளவோ இடம் இருக்கிறது. மஞ்சுவிரட்டுக்குப் போங்கள். எங்கள் வீட்டு ஹவுசிங்கை விட்டுவிடுங்கள்.

ஆர்.ஓ. மெஷினுக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் கிண்ணம் தொங்குமே, உள்ளே அழுக்கை வடிகட்டுகிற பத்து இஞ்சு உருளை, ஸ்பன் என்பார்களே, அது இருக்குமே, அந்த ஹவுசிங்கைச் சொல்கிறேன். எங்கள் கோட்டையூர் வீட்டு போர் தண்ணீருக்கு அந்த வெள்ளை ஸ்பன் மூன்று மாதத்தில் செம்மண் நிறமாகிவிடும். கிண்ணத்தைக் கழற்று, பழசை எடு, புதுசைப் போடு, மூடு. பத்து நிமிட வேலை. எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதாகப் போனது.

மாட்டிய அன்று நான் பக்கத்திலேயே நின்றேன். அந்தத் தம்பி கையால் இறுக்கினார். அப்புறம் ஸ்பேனரை மாட்டி ஒரு இழு. அதோடு விட்டாரா? ஒரு காலைச் சுவரில் உதைத்துக்கொண்டு, பல்லைக் கடித்து, கிணற்றிலிருந்து வாளி இழுக்கிற மாதிரி இன்னொரு இழு. "சேஃப்டிக்கு ஒரு சுத்து சார். லீக் ஆகக் கூடாது பாருங்க." ஸ்பேனரைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். பெட்டியோடு வந்த பிளாஸ்டிக் வளைய ஸ்பேனர் அது. காசு கொடுத்தவன் நான்.

இந்த ஞாயிற்றுக்கிழமை கையால் முயன்றேன். ஈரத்துணி சுற்றி முயன்றேன். அசையவில்லை. சரி, ஸ்பேனர் வாங்கிவிடுவோம் என்று காரைக்குடிக்கு வண்டியை எடுத்தேன். மூன்று கடையிலும் ஒரே பதில்: "அது தனியா வராது சார், ஹவுசிங் வாங்கினா கூட வரும்." 1953இலிருந்து சிக்ரி மாதிரி ஒரு ஆராய்ச்சி நிறுவனம் நடக்கிற ஊர். ஒரு பிளாஸ்டிக் வளையத்துக்கு வழியில்லை.

வீடு திரும்புவதற்குள் ஆலோசனைகள் வந்து காத்திருந்தன. பக்கத்து வீட்டு அண்ணன், கொதிக்கிற வெந்நீரை ஊற்றச் சொன்னார். பிளாஸ்டிக் அண்ணே, கோணிக்கொள்ளும் என்றேன். மதுரையிலிருந்து மச்சான் போனில், துருவுக்கு அடிக்கிற ஸ்ப்ரேயை அடிக்கச் சொன்னான். குடிக்கிற தண்ணீர் போகிற கிண்ணத்தில் பைக் செயினுக்கு அடிக்கிறதையா? இன்னொருவர் சுத்தியல் என்று ஆரம்பித்தார், போனை வைத்துவிட்டேன்.

என் பங்குக்கு நானும் ஒரு மடத்தனம் செய்தேன். அரை மணி நேரம் தப்பான பக்கம் திருகிக்கொண்டிருந்தேன். நின்றபடி குனிந்து பார்த்துக்கொண்டு, பாட்டில் மூடியைத் திறக்கிற பழக்கத்தில் இடப்பக்கமாகத் திருகினால் அது இறுகும். ஏனென்றால் இங்கே மூடி மேலே நிலையாக இருக்கிறது, நாம் திருகுவது பாட்டிலை. மேலிருந்து பார்த்தால் வலப்பக்கம் திருக வேண்டும். கீழே உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தால்தான் அது இடப்பக்கம். ஆக, அந்தத் தம்பியின் சேஃப்டிக்கு மேல் என் சேஃப்டியும் ஏறிவிட்டது.

அதைவிடப் பெரிய விஷயம் வால்வை மூடிய பிறகுதான் உறைத்தது. வால்வை மூடினாலும் உள்ளே அடைபட்ட தண்ணீர் அழுத்திக்கொண்டுதான் இருக்கும். பத்து மீட்டர் உயரத்துத் தண்ணீர், சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தும். எங்கள் தொட்டி ஏழு மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கிண்ணத்தின் வாய் பத்து சென்டிமீட்டர் அகலம். கணக்குப் போட்டுப் பார்த்தால் 55 கிலோ. இரண்டு சிப்பம் அரிசியைக் கிண்ணத்தில் தொங்கவிட்டுத் திருகுகிற மாதிரி. மரை எப்படி அசையும்? மூடியின் தலையில் ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கிறது, அதை அமுக்கினால் புஸ்ஸென்று அழுத்தம் வெளியேறும். அதற்காகத்தான் அதை வைத்திருக்கிறார்கள். மாட்டும்போது யாராவது சொன்னார்களா? "ஆர்.ஓ. தண்ணியில காபி நல்லா வரும் சார்" என்று மட்டும் சொன்னார்கள்.

பொத்தானை அமுக்கினேன். பழைய சைக்கிள் டியூபைக் கிண்ணத்தைச் சுற்றி இறுகக் கட்டி, அதில் ஒரு கம்பைச் செருகி இழுத்தேன். ஏதோ நகர்ந்தது. சந்தோஷப்பட்டேன். நகர்ந்தது கிண்ணம் இல்லை, சுவர்.

இதை எப்படிச் சொல்வது? வெள்ளைக்கரு சேர்த்து அரைத்துப் பூசிய சுண்ணாம்புச் சுவர். கையை வைத்தால் இன்றைக்கும் வழுவழுவென்று குளிரும். அதில்தான் அந்தத் தம்பி துளை போட்டு பிராக்கெட் அடித்திருந்தார். ரெண்டு எட்டு வைத்தால் சிமெண்டுச் சுவர் இருந்தது. பிராக்கெட்டோடு உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சு பெயர்ந்து வந்தது. வீடு எனக்கு மட்டும் சொந்தமா? எட்டில் ஒரு பங்கு. மீதி ஏழு பங்காளிகளும் பொங்கலுக்கு வந்து முதலில் பார்க்கப்போவது அந்தச் சுவரைத்தான். அப்பத்தா வந்து பார்த்தார். "வளவுல அண்டாவ வச்சு மழைத்தண்ணி புடிச்சுக் குடிச்சோம். அதுக்கு எவனும் சொவத்த ஒடைக்கல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கழன்று வந்த முழு சாமானையும் முற்றத்தில் போட்டு, மூடியைக் கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, டியூபையும் கம்பையும் வைத்துத் திரும்ப இழுத்தேன். நாலாவது இழுப்பில் கிரீச்சென்று விட்டுக்கொடுத்தது. உள்ளே பார்த்ததும் எரிச்சல் இரண்டு மடங்கானது. கிண்ணத்தின் மரை முழுக்க வெள்ளை டேப்பு சுற்றியிருந்தது. அந்த டேப்பு குழாய் சேர்கிற இடத்துக்கு. கிண்ண மரைக்கு அது வேண்டவே வேண்டாம். அங்கே லீக்கை நிறுத்துவது கறுப்பு ரப்பர் வளையம், ஓ ரிங். அது தன் பள்ளத்தில் ஒழுங்காக உட்கார்ந்து, சிலிகான் கிரீஸ் ஒரு பொட்டு தடவியிருந்தால், கையால் இறுக்கினாலே சொட்டாது. எங்கள் வளையமோ முறுக்கி, நசுங்கி, ஒரு பக்கம் பிதுங்கிக் கிடந்தது. வளையம் நசுங்கினால் லீக் ஆகும். லீக் ஆனால் இன்னும் முறுக்குவார்கள். முறுக்கினால் இன்னும் நசுங்கும். இதற்குப் பெயர் சேஃப்டி!

புது வளையம், புது ஸ்பன். இந்த முறை சிமெண்டுச் சுவரில் மாட்ட ஆள் வரச் சொன்னேன். வேறு தம்பி. சுத்தமான வேலை, கீழே கிண்ணம் கழன்று இறங்க இடம் விட்டார், டேப்பைக் குழாய்க்கு மட்டும் சுற்றினார். எனக்கு மனசு குளிர்ந்தது. கையால் இறுக்கி, தண்ணீரைத் திறந்து பார்த்தார். ஒரு சொட்டு இல்லை. பிறகு பைக்குள் கையை விட்டு ஸ்பேனரை எடுத்தார்.

"எதுக்குப்பா?"

"சும்மா சார், சேஃப்டிக்கு ஒரு சுத்து..."

நான் வாயைத் திறப்பதற்குள் பட்டாலையிலிருந்து அப்பத்தாவின் குரல் வந்தது. "அய்யா, அதக் கீழ வச்சிட்டுக் காபி குடி."