பட்டர் ஃப்ரூட் மட்டும் வேண்டாம்

தோட்டத்துப் பறவைகளுக்கு எந்தப் பழமும் வைக்கலாம் என்று, பறவைகளுக்கு உணவு வைப்பது பற்றி நான் படித்த ஒரு கட்டுரை போகிற போக்கில் சொல்கிறது. ஏற்காட்டுக்காரர்கள் அதை அப்படியே நம்பிவிட வேண்டாம். இங்கே காப்பித் தோட்டங்களில் பட்டர் ஃப்ரூட் (அவகாடோ) காய்க்கிறது. அதிலுள்ள பெர்சின் என்ற நச்சுப்பொருள் பறவைகளின் இதயத்தைப் பாதிக்கும். இலை, கொட்டைகூட ஆகாது. சாக்லேட்டும் விஷம்தான். கனிந்த பப்பாளியைப் பாதியாக அரிந்து வையுங்கள். சின்னான்கள் (புல்புல் பறவைகள்) சதையைக் கொத்தித் தின்றுவிட்டுத் தோலைக் கிண்ணம்போல் விட்டுப்போகும்.

தேன்சிட்டுக்குச் சர்க்கரைத் தண்ணீர் என்றால் ஒரு பங்கு வெள்ளைச் சர்க்கரைக்கு நான்கு பங்கு தண்ணீர். நாட்டுச்சர்க்கரை நல்லதாயிற்றே என்று அள்ளிப் போடாதீர்கள், அதன் இரும்புச்சத்து நமக்குத்தான் நல்லது, பறவைக்கு ஆகாது. தேன் கரைசல் சீக்கிரம் புளித்துப் பூஞ்சை பிடிக்கும். சேலத்து வெயிலில் சர்க்கரைத் தண்ணீரையும் தினமும் கொட்டிக் கழுவி மாற்ற வேண்டும். அந்தப் பாடு படுவதற்கு இரண்டு செம்பருத்தி நட்டுவிடலாம் என்பது என் கட்சி.