எல்லோருக்கும் ஒரே தராசா?

கொரோனா தடுப்பூசி என்று பேச்செடுத்தாலே நண்பர்கள் வட்டம் இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. ஊரடங்கும் ஊசியும்தான் நம்மைக் காப்பாற்றின என்பது ஒரு தரப்பு. இரண்டுமே பித்தலாட்டம் என்பது மறு தரப்பு. நாம் இங்கே கோவிஷீல்டு என்ற பெயரில் போட்டுக்கொண்ட தடுப்பூசி மிக அரிதாக ரத்த உறைவை உண்டாக்கக்கூடும் என்று ஆஸ்ட்ராஜெனகா நிறுவனமே பிரிட்டன் நீதிமன்ற ஆவணமொன்றில் ஒப்புக்கொண்ட செய்தி 2024 ஏப்ரல் இறுதியில் வந்தது. அதற்குப் பிறகு இரண்டாம் தரப்பின் குரல் ஓங்கியிருக்கிறது. ஆபத்து, பலன் இரண்டையும் யாருக்கு, எப்போது என்று கேட்காமல் எடைபோடுவதே இந்தச் சண்டையின் வேர் என்பது என் எண்ணம்.

அந்த ஒப்புதல் உண்மையில் பழைய செய்தி. 2021 மார்ச் இறுதிவரை பிரிட்டனில் போடப்பட்ட இரண்டு கோடி ஆஸ்ட்ராஜெனகா ஊசிகளில் 79 பேருக்கு இந்த ரத்த உறைவு ஏற்பட்டதையும், அவர்களில் 19 பேர் இறந்ததையும் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஏப்ரல் முதல் வாரத்திலேயே வெளியிட்டுவிட்டது. அதோடு கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தினர் தயாரித்த ஒரு கணக்கும் மக்கள் முன் வைக்கப்பட்டது. தொற்று குறைவாக இருக்கும் காலத்தில் 60 முதல் 69 வயதுக்குட்பட்ட ஒரு லட்சம் பேருக்கு ஊசி போட்டால், 16 வாரங்களில் 14.1 பேர் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போவது தவிர்க்கப்படும். ஊசியால் கடும் பாதிப்பு அடையக்கூடியவர்கள் 0.2 பேர். 20 முதல் 29 வயதினரிடம் தராசு மறுபக்கம் சாய்ந்தது: பலன் 0.8, பாதிப்பு 1.1. ஆகவே முப்பது வயதுக்குக் குறைந்தோருக்கு வேறு தடுப்பூசி தரலாம் என்று அங்கே முடிவெடுத்தார்கள். தொற்று கூடினால் இளைஞர்களுக்கும் பலனே மிகும் என்பதையும் அதே கணக்கு காட்டியது. தமிழ்நாட்டில் ஒரே நாளில் முப்பத்தாறாயிரம் பேருக்குத் தொற்று உறுதியான 2021 மே மாதத்தில், ஆக்சிஜன் படுக்கைக்காக ஆம்புலன்ஸ்கள் வரிசையில் நின்ற நாட்களில், ஊசி போட்டுக்கொள்ளச் சொன்னது சரியான அறிவுரையே. அதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை.

என் குறை, அந்தக் கணக்கை நம்மிடம் யாரும் பேசவில்லை என்பது. அதே மே மாதத்தில், பத்து லட்சம் ஊசிகளுக்கு 0.61 என்ற அளவில் ரத்த உறைவு பதிவாகியிருப்பதாக, தடுப்பூசிப் பக்கவிளைவுகளை ஆராயும் மத்தியக் குழு அறிக்கை வெளியிட்டது. அது எத்தனை தடுப்பூசி முகாம்களில் எடுத்துச் சொல்லப்பட்டது? நடிகர் விவேக் ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் ஏப்ரல் 15 அன்று ஊசி போட்டுக்கொண்டு, மறுநாள் மாரடைப்புக்கு உள்ளாகி, 17 அன்று காலமானார். இதயத்தின் முக்கிய ரத்தக்குழாய் முழுவதும் அடைபட்டிருந்தது என்று மருத்துவர்கள் உடனே விளக்கினார்கள். ஆனால் அந்த மரணத்துக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்ற மத்தியக் குழுவின் முடிவு வெளிவர அக்டோபர் ஆகிவிட்டது. அந்த ஆறு மாதமும் வாட்ஸ்அப் சும்மா இருக்குமா? சர்க்கரை நோயுள்ள ஒரு பெரியவர் எங்கள் பகுதி முகாமுக்கு ஆதார் அட்டையோடு வந்து, டோக்கனும் வாங்கியபின், "விவேக்குக்கே இப்படி ஆயிடுச்சே தம்பி" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்ததைப் பார்த்தேன். ஊசியால் மிக அதிகப் பலன் பெறக்கூடிய வயது அவருடையது.

கட்டுப்பாடுகளுக்கு வருவோம். தடுப்பூசி இல்லாத 2020-இல் ஊரடங்கு வாங்கித் தந்தது அவகாசம் மட்டுமே. படுக்கைகளையும் பரிசோதனைக் கூடங்களையும் பெருக்க அந்த அவகாசம் தேவைப்பட்டது. ஆனால் நான்கு மணி நேர முன்னறிவிப்பில் நாட்டையே பூட்டியதற்கும், ஏப்ரல் 26 முதல் சென்னையில் நான்கு நாள் முழு ஊரடங்கு என்று அறிவித்து முந்தைய நாள் கடைத்தெருக்களில் ஊரையே திரள வைத்ததற்கும் அந்த நியாயம் பொருந்தாது. கோயம்பேடு சந்தையை மே 5 அன்று மூடியபோது, அங்கே மூட்டை தூக்கியவர்கள் வழியாகத் தொற்று கடலூருக்கும் அரியலூருக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. அதற்கு மறு ஆண்டு மே மாதத்திலும், முழு ஊரடங்குக்கு முன்பு இரண்டு நாள் கடைகளைத் திறந்துவிட்டு அதே கூட்டத்தை மறுபடியும் கூட்டினோம்.

எல்லாவற்றையும்விட என்னால் ஏற்க முடியாதது பள்ளிகளை மூடிவைத்த கால அளவு. 2020 ஜூனில் ஒன்றாம் வகுப்பில் பெயர் எழுதப்பட்ட குழந்தை, முதன்முதலாக வகுப்பறையில் உட்கார்ந்தது 2021 நவம்பர் 1 அன்று, இரண்டாம் வகுப்பில். ஜனவரியில் ஒமைக்ரான் வந்ததும் மறுபடியும் வீட்டுக்கு அனுப்பப்பட்டது. டாஸ்மாக் கடைகள் 2020 மே மாதத்திலேயே திறந்துவிட்டன என்பதை இங்கே நினைவூட்டாமல் இருக்க முடியவில்லை. நோயால் மிகக் குறைந்த ஆபத்து இருந்த வயதினர், பெரியவர்களின் பாதுகாப்புக்காக மிக அதிக விலை கொடுத்தார்கள். மூன்றாம் வகுப்பில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கத் தெரிந்த கிராமப்புறப் பிள்ளைகள் நாடு முழுவதும் 2018-இல் 27.3 விழுக்காடு இருந்து 2022-இல் 20.5 ஆகக் குறைந்ததாக, பிள்ளைகளின் கற்றல் திறனை அளக்கும் அசர் ஆய்வு சொல்கிறது. முதல் சில மாதங்களுக்கு இந்த மூடல் நியாயமே. ஆசிரியர்கள் ஊசி போட்டுக்கொண்ட பிறகும் தொடக்கப் பள்ளிகளை மூடி வைத்திருந்ததற்கு ஏற்கத்தக்க காரணம் எதுவும் என் கண்ணில் படவில்லை.

யாருக்கு, எப்போது என்ற அதே கேள்வியைத்தான் ஊசியைக் கட்டாயப்படுத்தியதிலும் கேட்க வேண்டும். 2022 ஜனவரியில் இரண்டு தவணையும் போட்டவர்களுக்கு மட்டுமே சென்னை புறநகர் ரயிலில் பயணச்சீட்டு என்றார்கள். அப்போது ஊசி போட்டவர்களுக்கும் ஒமைக்ரான் தாராளமாகப் பரவிக்கொண்டிருந்தது. ஊசியின் பலன் பெருமளவு போட்டுக்கொண்டவரின் உயிர்ப் பாதுகாப்பாகச் சுருங்கியிருந்தது. பிறருக்காக என்ற காரணம் மெலிந்துபோன பின்னரும், ஒரு கூலித் தொழிலாளியின் அன்றாடப் பயணத்தைத் தடுப்பது எந்த வகையில் பொருந்தும்? குழந்தை மருத்துவர் ஜேக்கப் புலியேல் தொடுத்த வழக்கில் 2022 மே 2 அன்று உச்ச நீதிமன்றம், அரசின் தடுப்பூசிக் கொள்கையில் பிழை காணாமலேயே, யாரையும் ஊசி போட வற்புறுத்த முடியாது என்றும், போடாதவர்கள் மீதான தடைகள் அன்றைய சூழலுக்குப் பொருத்தமானவை அல்ல என்றும் தீர்ப்பளித்தது. பக்கவிளைவு விவரங்களை மக்கள் பார்க்கும்படி வெளியிடவும் சொன்னது.

ஊசிக்குப் பின் மகள்களை இழந்ததாகச் சொல்லும் பெற்றோரின் வழக்கில், 2022 நவம்பரில் மத்திய அரசு, தன்னைப் பொறுப்பாக்க முடியாது, இழப்பீடு வேண்டுமானால் உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்று பதிலளித்தது. பிரிட்டனில் ஊசியால் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர், யார் தவறு என்று நிரூபிக்காமலேயே 1,20,000 பவுண்டு கோர முடியும். ஊருக்கே நல்லது என்று சொல்லி வரிசையில் நிற்க வைத்த அரசு, பத்து லட்சத்தில் ஒருவருக்கு நேரக்கூடிய கேட்டின் செலவை மட்டும் அந்த ஒரு குடும்பத்தின் தலையில் கட்டுவதைத் தடுப்பூசியை ஆதரிக்கும் நாம்தான் முதலில் எதிர்த்திருக்க வேண்டும்.