படித்து முடித்தால்தான் விளையாட்டா?

"ஹோம்வொர்க்கை முடி, அப்புறம் விளையாடப் போ." நாம் எல்லாரும் சொல்வதுதான். பிள்ளை எழுதி முடிப்பதற்குள் இருட்டிவிடும். சரி, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்போம். நாளைக்கும் அதே கதைதான். இந்த வரிசையே தப்பு என்பது என் கருத்து. வெளிச்சம் இருக்கும்போது விளையாடட்டும். பாடத்துக்கு விளக்கு வெளிச்சம் போதும்.

வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு பேசக் காரணம் இருக்கிறது. கிட்டப்பார்வை வந்தால் பழியை மொத்தமாகச் செல்போன் மேல் போடுகிறோம். பகல் வெளிச்சம் போதாததும் முக்கியக் காரணம். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். விளக்கு போட்ட அறையில் பெரும்பாலும் 500 லக்ஸுக்குள்தான் இருக்கும். வெயிலடிக்கும் வெளியில் 10,000 லக்ஸைச் சாதாரணமாகத் தாண்டும். அந்த வெளிச்சத்தில் விழித்திரையில் சுரக்கும் டோபமைன் என்ற வேதிப்பொருள், விழிக்கோளம் கிட்டப்பார்வை வரும் அளவுக்கு நீளாமல் பார்த்துக்கொள்கிறது என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கம். சீனாவின் குவாங்சோவில் முதல் வகுப்புப் பிள்ளைகளைப் பள்ளி நாட்களில் கூடுதலாக 40 நிமிடம் வெளியே விட்டு மூன்று வருடம் கவனித்தார்கள். அவர்களில் 30.4 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை வந்தது. வழக்கம்போல் நடந்த பள்ளிகளில் 39.5 சதவீதம். 2015-இல் வெளியான ஆய்வு இது. வந்துவிட்ட பவரை வெளியே விளையாடுவது குறைக்காது. அதனால்தான் சின்ன வயதிலேயே வேண்டும் என்கிறேன்.

"விளையாட்டுக் கோச்சிங் அனுப்புகிறோமே" என்பார்கள். நல்லதுதான், உடம்புக்கு ஓட்டம் கிடைக்கும். ஆனால் அங்கே எல்லாம் விசில் அடித்தால்தான் நடக்கும். தானாக விளையாடும் பிள்ளையைப் பாருங்கள். எறும்பு வரிசைக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்காரும். குறுக்கே ஒரு இலையை வைக்கும். வரிசை கலைந்து, தடுமாறி, சுற்றிக்கொண்டு மறுபடி சேரும்வரை அசையாது. இலையை எடுத்துவிட்டு அடுத்து ஒரு குச்சியை வைக்கும். இதை யார் சொல்லிக்கொடுத்தது? பாடத்தில் கவனமே இல்லை என்று நாம் குறைபடும் அதே பிள்ளைதான்!

விழுந்துவிடுமே என்ற பயம் எனக்கும் புரிகிறது. வண்டி வரும் தெருவில் தனியே விடச் சொல்லவில்லை. முட்டி சிராய்ப்பது வேறு, ஆபத்து வேறு.

பள்ளிகளிடமும் ஒன்று சொல்லவேண்டும். விளையாடுவது குழந்தையின் உரிமை என்று ஐ.நா. 1989-லேயே குழந்தை உரிமை உடன்படிக்கையின் 31-வது பிரிவில் எழுதிவைத்துவிட்டது. பரீட்சை நெருங்கினால் முதலில் காணாமல் போவது பி.டி. பீரியட்தான். பெற்றோர் கூட்டத்துக்குப் போனால் மார்க்கோடு நிறுத்தாமல், இந்த மாதம் எத்தனை பி.டி. பீரியட் உண்மையிலேயே மைதானத்தில் நடந்தது என்றும் கேளுங்கள்.