ஜென்டில் ஜெயன்ட்டில் எல்டன் ஜான் இருந்தாரா?

'பாடகர் எல்டன் ஜான் முதலில் ஜென்டில் ஜெயன்ட் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவில் கீபோர்டு வாசித்தவர்' என்று ஒரு பதிவு சுற்றிக்கொண்டிருக்கிறது. தவறு. குழப்பத்துக்குக் காரணம், ஜென்டில் ஜெயன்ட்டைத் தொடங்கிய ஷுல்மன் சகோதரர்களின் முந்தைய குழுவான சைமன் டுப்ரீ அண்ட் த பிக் சவுண்ட். 1967இல் அதன் கீபோர்டு கலைஞருக்கு உடம்பு சரியில்லாமல் போக, ஒரு சுற்றுப்பயணத்துக்கு மட்டும் மாற்றாக வந்தவர் ரெக் டுவைட். பிற்பாடு அவர்தான் எல்டன் ஜான்.

ஜென்டில் ஜெயன்ட் உருவானதே 1970இல். அன்றிலிருந்து 1980இல் கலையும்வரை கீபோர்டு கெரி மின்னியர்தான், ராயல் அகாடமி ஆஃப் மியூசிக்கில் படித்தவர். அவர் படிப்பு தெரிய 1972இன் 'ஆக்டோபஸ்' ஆல்பத்தில் 'நாட்ஸ்' பாடல் போதும்: ஒரு குரல் விட்ட சொல்லை இன்னொன்று பாதியிலேயே பிடுங்கிக்கொண்டு ஓடும்.