மலைக்கும் மின்சாரப் பேருந்து வேண்டும்

மலையேற்றம் பேட்டரியைக் காலி செய்துவிடும், அதனால் மின்சாரப் பேருந்துக்கான அரசு நிதியைச் சமவெளி நகரங்களுக்கே கொடுக்கலாம் என்று ஒரு கட்டுரை சொல்கிறது. பாதிதான் சரி. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும்போது மின்சாரம் நிறையச் செலவாகும்; ஆனால் இறங்கும்போது மோட்டாரே பிரேக் போல வேலை செய்து அதில் ஒரு பங்கைப் பேட்டரிக்குத் திருப்பித் தரும். டீசல் வண்டியில் இறங்கும்போது கிடைக்கும் அந்த ஆற்றல் பிரேக் சூடாகியே வீணாகிறது, அதே பாதையில் உள்ள பர்லியார் இறக்கத்தில் அந்த வாடையே வரும். அப்புறம், 2025 கோடையில் உயர்நீதிமன்றம் ஊட்டிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 சுற்றுலா வண்டிகள் என்று வரம்பு வைத்ததே, கீழே காரை நிறுத்திவிட்டு வருகிறவர்களுக்கு அடுத்தடுத்துப் பேருந்து வேண்டாமா? எங்கள் ஊருக்கு இருட்டிய பிறகு பேருந்து இல்லாததால்தான் தேயிலைத் தோட்ட வேலைக்குப் போகிறவர்கள்கூடக் கடன் வாங்கி ஸ்கூட்டர் எடுக்கிறார்கள். அந்தச் சாயங்காலப் பேருந்து நடைகளுக்குத்தான் முதலில் பணம் ஒதுக்க வேண்டும்.